எந்த ராஸ்? ஒரு குடும்பப்பெயரும் அதைத் தாங்கிய இடங்களும்

கேள்வி இதுதான்: அண்டார்க்டிகாவின் ராஸ் கடல், அந்தமானின் ராஸ் தீவு, ஆஸ்திரேலியாவில் கொசுவால் பரவும் ராஸ் நதிக் காய்ச்சல், ராஸ் 128 என்னும் விண்மீன், இதயத்தில் செய்யப்படும் ராஸ் அறுவை ஆகிய ஐந்தும் மலேரியாவைக் கொசுவோடு தொடர்புபடுத்திய ரொனால்ட் ராஸின் நினைவாக வைக்கப்பட்டவையா, அல்லது அவருடைய குடும்பத்தாரின் பெயர்களா?

ஐந்தில் ஒன்றுகூட ரொனால்ட் ராஸுக்கு உரியதன்று. ஐந்தும் ஐந்து தனித்தனி மனிதர்களிடமிருந்து வந்தவை. அவர்களுள் ஒருவர் கடற்படைத் தளபதி, ஒருவர் கடல் அளவையாளர், ஒருவர் புதிய ஊரில் குடியேறியவர், ஒருவர் வானியலாளர், ஒருவர் அறுவை மருத்துவர். கொசுவும் காய்ச்சலும் சேர்ந்து வருவதால் ராஸ் நதிக் காய்ச்சலையாவது ரொனால்ட் ராஸோடு முடிச்சுப் போடத் தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த முடிச்சுத்தான் இப்பட்டியலில் மிக எளிதாக அவிழ்வது.

முதலில், இந்தப் பெயர் ஏன் இத்தனை இடங்களில் தலைகாட்டுகிறது என்பதைப் பார்த்துவிடலாம். ஸ்காட்லாந்தின் வடக்கே ராஸ் என்றொரு பழைய நிலப்பகுதி உண்டு. கேலிக் மொழியில் 'ரோஸ்' என்பது கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலமுனையைக் குறிக்கும். அப்பகுதி அச்சொல்லால் வழங்கியது, அங்கிருந்து புறப்பட்டவர்கள் அதையே குடும்பப்பெயராக்கிக் கொண்டார்கள், பின்னர் அவர்களுள் பலர் மாலுமிகளாகவும் வணிகர்களாகவும் குடியேறிகளாகவும் உலகெங்கும் போய், போன இடங்களில் அப்பெயரை விட்டுவிட்டு வந்தார்கள். ஆக, ஓர் இடத்தின் பெயர் மனிதர்களுக்குப் போய், மனிதர்களிடமிருந்து மீண்டும் இடங்களுக்கு வந்திருக்கிறது. இதனோடு வேறு ஊற்றுகளும் கலந்துள்ளன. ஐரிஷ் மொழியில் அதே சொல்லுக்குக் காடு என்ற பொருளும் உண்டு. அயர்லாந்தின் ராஸ்காமன் என்னும் ஊர்ப்பெயருக்குக் கோமான் என்ற துறவியின் காடு என்பது பொருள். ஜெர்மன் மொழியில் அதே ஒலியுடைய சொல் குதிரையைக் குறிக்கும். அமெரிக்காவில் பிழைக்கப்போன சிலர் தம் நீண்ட பெயரைச் சுருக்கி ராஸ் ஆனதும் உண்டு. 1930-களில் உலகக் குத்துச்சண்டைப் பட்டம் வென்ற பார்னி ராஸின் பிறப்புப்பெயர் ரசோஃப்ஸ்கி. எனவே இரண்டு ராஸ்களுக்கு இடையில் உறவு இருந்தாக வேண்டும் என்று கருத எந்த அடிப்படையும் இல்லை.

இப்போது பட்டியலுக்கு வருவோம். இதில் பெரிய பங்கு ஜேம்ஸ் கிளார்க் ராஸுக்கு உரியது. 1800-இல் லண்டனில் பிறந்த இவர், பன்னிரண்டு வயது நிறையும் முன்பே, தம் சிற்றப்பன் முறையான ஜான் ராஸின் கப்பலில் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்தார். அந்த ஜான் ராஸும் துருவப் பயணிதான். 1818-இல், கனடாவின் வடக்கே அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் போனபோது, லங்காஸ்டர் நீரிணைக்குள் நுழைந்த சிறிது தூரத்தில் மலைத்தொடர் ஒன்று வழியை அடைத்து நிற்பதாகக் கண்டு, அதற்குக் கடற்படைத் துறைச் செயலாளர் குரோக்கரின் பெயரையும் சூட்டிவிட்டுத் திரும்பினார். அங்கே மலையே இல்லை, அது கானல் தோற்றம் என்பது அடுத்த ஆண்டே தெரிந்துவிட்டது. இல்லாத மலைக்குப் பெயர் வைத்தவர் என்ற கேலி அவரைக் கடைசிவரை விடவில்லை. பின்னர் 1829-இல் மதுவடிப்பு வணிகர் ஃபீலிக்ஸ் பூத்தின் பணத்தில் இருவரும் மீண்டும் ஆர்க்டிக்குக்குப் போனபோது, 1831 ஜூன் 1 அன்று காந்த வடமுனை அமைந்திருந்த இடத்தைக் கண்டறிந்தவர் இளைய ராஸ். அவ்விடம் அமைந்த தீபகற்பத்துக்குப் பணம் கொடுத்தவரின் பெயர் கிடைத்தது; இன்றும் அது பூதியா தீபகற்பம்தான்.

அடுத்து, காந்தத் தென்முனையைத் தேடி எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களுடன் 1839-இல் புறப்பட்ட ஜேம்ஸ் கிளார்க் ராஸ், 1841 ஜனவரியில் மிதக்கும் பனிக்கட்டிகளின் கூட்டத்தைப் பிளந்துகொண்டு அப்பால் இருந்த திறந்த கடலுக்குள் நுழைந்தார். தெற்கே போகப் போகப் புகை கக்கும் எரிமலை ஒன்று தெரிந்தது. அதற்கு ஒரு கப்பலின் பெயரையும் பக்கத்திலிருந்த மலைக்கு மற்றொரு கப்பலின் பெயரையும் வைத்தார். அதற்கும் அப்பால், கடல்மட்டத்திலிருந்து செங்குத்தாக எழுந்து, கண்ணுக்கெட்டிய தொலைவுவரை கிழக்கு நோக்கி நீண்ட வெண்பனிச் சுவர் வழியை மறித்தது. பாய்மரக் கப்பலின் உச்சியில் ஏறிப் பார்த்தாலும் சுவருக்குப் பின்னால் சமவெளியாகப் பனியே தெரிந்ததாம். அச்சுவரின் பின்னே இருப்பது ஏறத்தாழ 4,87,000 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள மிதக்கும் பனித்தட்டு; கிட்டத்தட்ட பிரான்சு நாட்டின் அளவு.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இவற்றில் எதற்கும் அவர் தம் பெயரை வைத்துக்கொள்ளவில்லை. நிலத்துக்கு அரசி விக்டோரியாவின் பெயர், விரிகுடாவுக்கு டெரர் கப்பலின் அதிகாரி மக்மர்டோவின் பெயர், பனிச்சுவருக்கும் விக்டோரியாவின் பெயர் என்று பங்கிட்டார். ராஸ் கடல், ராஸ் பனித்தட்டு என்ற பெயர்கள் பிறர் வழங்கி நிலைத்தவை. எரிபஸ் மலை நிற்பது பெருநிலத்தில் அன்று, ஒரு தீவில்தான் என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உறுதிசெய்த துருவப் பயணி ராபர்ட் ஸ்காட், அத்தீவுக்கு ராஸ் தீவு என்று பெயரிட்டார். 1923-இல் நியூசிலாந்தின் பொறுப்பில் விடப்பட்ட பகுதிக்கு ராஸ் சார்புப் பகுதி என்று பெயர் வந்தது. 2017 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த, 15 லட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ராஸ் கடல் பாதுகாப்புப் பகுதியும் இதே வரிசையில் சேரும். அண்டார்க்டிகாவைப் பொறுத்தவரை உங்கள் ஊகம் பாதி சரி: அங்குள்ள இந்த ராஸ்கள் எல்லாம் ஒரே மனிதர்தான். ஆனால் அந்த ஒருவர் மருத்துவர் அல்லர், மாலுமி.

உயிரினங்களின் பெயர்களில் இதே ராஸ் தொடர்கிறார். ஆனால் அங்கே வழுக்கும் இடங்கள் உண்டு. அண்டார்க்டிகாவின் பனிக்கட்டிகளிடையே வாழும் ராஸ் சீல் அவருடைய பயணத்தில் பிடிக்கப்பட்டு 1844-இல் விவரிக்கப்பட்டது. அதன் அறிவியல் பெயரில் 'ரோசிஐ' என்ற பகுதி அவரைச் சுட்டுகிறது. வட துருவத்தை ஒட்டி வாழும், மார்பில் இளஞ்சிவப்புச் சாயல் படர்ந்த ராஸ் கடற்காகத்தை 1823-இல் சுட்டுக் கொண்டுவந்தவரும் அவரே. ஆனால் அப்பறவையின் அறிவியல் பெயரில் உள்ள 'ரோசியா' அவருடைய பெயரன்று, இளஞ்சிவப்பு என்று பொருள்படும் லத்தீன் சொல். ஆங்கில வழக்கில் மனிதனுக்கும் அறிவியல் பெயரில் நிறத்துக்கும் உரியதாகிவிட்ட பறவை அது. இதற்கு நேர்மாறாக, வட அமெரிக்காவின் ராஸ் வாத்து என்னும் சிறிய வெண்ணிற வாத்தின் பெயரிலும் 'ரோசிஐ' இருக்கிறது. இங்கே அது ஹட்சன் விரிகுடா நிறுவனத்தின் வணிக அதிகாரியாகக் கனடாவின் வடக்கில் இருந்து அப்பறவையின் மாதிரிகளை அனுப்பிவைத்த பெர்னார்ட் ராஸைக் குறிக்கும். ஆப்பிரிக்காவின் கருநீல நிற ராஸ் டுராக்கோ என்னும் பறவையின் பெயரில் உள்ளதோ 'ரோசே'. லத்தீனில் ஆணின் பெயரை ஒட்டி வருவது 'ஐ', பெண்ணின் பெயரை ஒட்டி வருவது 'ஏ'. அந்த ஒரு விகுதியே இது ஒரு பெண்மணியைக் குறிக்கிறது என்று காட்டிக் கொடுத்துவிடுகிறது. அவர் செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த பாட்ரிக் ராஸின் மனைவி எலைசா. ஒரு சீல், மூன்று பறவைகள், மூன்று ராஸ்கள் என்று கணக்கு முடிகிறது.

அந்தமானின் ராஸ் தீவுக்கு வருவோம். இது டேனியல் ராஸ் என்னும் கடல் அளவையாளரின் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் கடற்படையைச் சேர்ந்த இவர், 1808-இல் பாராசெல் தீவுக்கூட்டம் உள்ளிட்ட சீனக் கடல் பகுதிகளை அளந்து வரைபடமாக்கியவர். பின்னர் கல்கத்தாவில் கடல் அளவைத் துறையின் தலைவராக இருந்தார். 1857 எழுச்சிக்குப் பின் அந்தமானில் தண்டனைக் குடியேற்றம் தொடங்கியபோது, போர்ட் பிளேர் துறைமுகத்தின் வாயிலில் உள்ள இந்தச் சிறு தீவே அதன் தலைமையிடமாயிற்று. தலைமை ஆணையரின் மாளிகை, தேவாலயம், ரொட்டிச்சாலை, நீச்சல்குளம் என்று ஆங்கிலேய அதிகாரிகள் சொகுசாக வாழ்ந்த அவ்விடம், 1941 ஜூனில் வந்த நிலநடுக்கத்துக்கும் அடுத்த ஆண்டு நடந்த ஜப்பானியப் படையெடுப்புக்கும் பின் கைவிடப்பட்டது. இன்று அக்கட்டடங்களின் சுவர்களை ஆலமர வகை வேர்கள் கவ்விப் பிடித்திருக்கின்றன. 2018 டிசம்பர் 30 முதல் அத்தீவின் பெயர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு. இதோடு குழப்பம் தீர்ந்தது என்று நினைத்துவிடக் கூடாது. வடக்கு அந்தமானில் டிக்லிப்பூருக்கு அருகே, கடல்நீர் வடியும்போது மணல்திட்டால் ஒட்டிக்கொள்ளும் இரட்டைத் தீவுகளில் ஒன்றுக்கும் ராஸ் என்றுதான் பெயர். மற்றதன் பெயர் ஸ்மித். பயணத் திட்டம் போடுபவர்கள் ஒன்றின் படத்தைப் பார்த்துவிட்டு மற்றதற்குப் படகு கேட்பது இதனால்தான். தமிழில் சிலர் ரோஸ் தீவு என்றும் எழுதுகிறார்கள். அது ரோஜாவைக் குறிக்கும் வேறொரு பெயராக ஒலிப்பதால் தவிர்ப்பது நல்லது.

இனி அந்தக் காய்ச்சல். ராஸ் நதி என்பது ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் டவுன்ஸ்வில் நகரத்தின் வழியாக ஓடும் ஆறு. 1860-களில் அவ்வூர் உருவானபோது அங்கே முதலில் குடியேறியவர்களுள் ஒருவரான வில்லியம் ஆல்ஃபிரட் ராஸின் பெயர் அதற்கு வந்தது. அப்போது ரொனால்ட் ராஸ் பத்து வயதைச் சுற்றியிருந்த சிறுவன். அல்மோராவில் பிறந்து, படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். மூட்டுகளைப் பிடித்து முறுக்கும் இந்நோய் 1928-லேயே நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் பதிவாகியிருந்தது. ஆனால் அதை உண்டாக்கும் வைரஸ் 1959-இல் அந்த ஆற்றங்கரையில் பிடித்த கொசுக்களிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால், வைரஸுக்கு ஆற்றின் பெயர் வந்து, வைரஸின் பெயர் நோய்க்கும் ஒட்டிக்கொண்டது. குடியேறியவரிடமிருந்து ஆறு, ஆற்றிலிருந்து வைரஸ், வைரஸிலிருந்து காய்ச்சல் என்று பெயர் மூன்று கை மாறியிருக்கிறது. நோயும் மலேரியாவோடு சேராது. மலேரியா ஒட்டுண்ணியால் வருவது, அனாஃபிலிஸ் கொசுவால் பரவுவது. இது சிக்குன்குனியாவுக்கு நெருங்கிய உறவுள்ள வைரஸ், ஏடிஸ், கியூலெக்ஸ் வகைக் கொசுக்களால் பரவுவது, கங்காருக்களின் உடலில் தங்கி வாழ்வது.

அப்படியானால் ரொனால்ட் ராஸுக்கு என்னதான் மிஞ்சியது என்று கேட்கலாம். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில், மலேரியா நோயாளி ஒருவரைக் கடிக்கவிட்டு வளர்த்த கொசுவின் வயிற்றுச் சுவரைக் கூறுபோட்டுப் பார்த்தபோது, அங்கே இருக்க வேண்டாத கரும்பொட்டுகளுள்ள வட்ட உயிரணுக்களை அவர் கண்டார். மறு ஆண்டு கல்கத்தாவில் பறவை மலேரியாவைக் கொண்டு பரவும் முறை முழுவதையும் நிறுவினார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். ஆகஸ்ட் 20 உலகக் கொசு நாளாக இருப்பதற்கு அவர்தான் காரணம். ஹைதராபாத்தில் மக்கள் காய்ச்சல் ஆஸ்பத்திரி என்றே அழைக்கும் மருத்துவமனையின் முறையான பெயரில் அவர் இருக்கிறார். லண்டனில் 1926-இல் அவர் பெயரால் தொடங்கிய ராஸ் நிறுவனம் பின்னர் அந்நகரத்தின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியோடு இணைந்துவிட்டது. தொற்றுநோய்க் கணக்கியல் படிப்பவர்கள் ராஸ்–மெக்டொனால்டு மாதிரி என்று சொல்வதில் வரும் ராஸும் இவரே. கொசுக்கள் முற்றிலும் ஒழிய வேண்டியதில்லை, ஓர் அளவுக்குக் கீழே குறைந்தாலே மலேரியா தானாகத் தேயும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். என்னைக் கேட்டால், அவர் பெயரைத் தாங்கிய கட்டடங்களைவிட இந்தச் சமன்பாடுகளே பெரிய நினைவுச்சின்னம்.

ராஸ் 128 என்பதில் எண் இருப்பதே ஒரு துப்பு: இது ஒரு பட்டியலின் வரிசை எண். அமெரிக்க வானியலாளர் ஃபிராங்க் எல்மோர் ராஸ், 1920-களில் யெர்க்ஸ் வான்காணகத்தில் காலஞ்சென்ற வானியலாளர் பர்னார்டின் இடத்துக்கு வந்தபோது, முன்னவர் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்த வானப் படத்தகடுகள் அங்கே இருந்தன. அதே வானப் பகுதிகளை அவர் மீண்டும் படமெடுத்து, பழைய தகட்டையும் புதிய தகட்டையும் ஒரு கருவியில் வைத்து மாறி மாறிக் கண்ணுக்குக் காட்டிப் பார்த்தார். நகராத விண்மீன்கள் அசையாமல் நிற்கும். வானில் விரைந்து இடம்பெயரும் அண்டை விண்மீனோ ஒவ்வொரு மாற்றத்துக்கும் இங்குமங்கும் துள்ளும். இப்படித் துள்ளியவற்றை ஆயிரத்துக்கும் மேல் பட்டியலிட்டார். கன்னி மண்டலத்தில் 11 ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ராஸ் 128-ஐப் பத்து நாளுக்குள் சுற்றிவரும் ஒரு கோள் 2017-இல் அறிவிக்கப்பட்டதால் அப்பெயர் செய்திகளில் அடிபட்டது. ராஸ் 154, ராஸ் 248 ஆகியவையும் அதே பட்டியலைச் சேர்ந்தவை. வாயேஜர் 2 விண்கலம் ஏறத்தாழ 40,000 ஆண்டுகளில் ராஸ் 248-ஐ 1.7 ஒளியாண்டுத் தொலைவில் கடந்து போகும்.

பழைய கேமரா சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ராஸ் லென்ஸ் என்பது இரண்டு வெவ்வேறு பொருள்களைக் குறிக்கும். வானத்தைப் பரந்த அளவில் படமெடுக்க மேற்சொன்ன ஃபிராங்க் ராஸ் வடிவமைத்த லென்ஸ் ஒன்று. 1830-இல் லண்டனில் ஆண்ட்ரூ ராஸ் தொடங்கி, நுண்ணோக்கிகளுக்கும் பின்னர் கேமரா லென்ஸுகளுக்கும் பேர்பெற்ற நிறுவனத்தின் லென்ஸ் மற்றொன்று. இரண்டும் ஒளியியல்; ஆனால் இரண்டு ராஸ்கள்.

அறுவைக்குப் பெயர் தந்தவர், தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லியில் பிறந்து லண்டனில் பணியாற்றிய டொனால்ட் ராஸ். 1967-இல் அவர் செய்தது துணிச்சலான இடமாற்று வேலை: பழுதான மகாதமனி வால்வை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நோயாளியின் சொந்த நுரையீரல் தமனி வால்வைப் பொருத்தி, அதனால் காலியான இடத்தில் இறந்தவரிடமிருந்து பெற்ற வால்வை வைத்தார். உயிருள்ள சொந்தத் திசு என்பதால் குழந்தையின் உடலோடு சேர்ந்து அது வளரும், உலோக வால்வு வைத்தவர்கள் இரத்தம் உறையாதிருக்க வாழ்நாள் முழுவதும் விழுங்கும் மாத்திரையும் வேண்டியதில்லை. ஒரு வால்வு நோயை இரு வால்வு நோயாக்கிவிடும் அபாயம் இதில் உண்டு என்ற வாதம் மருத்துவர்களிடையே இன்னும் ஓயவில்லை.

உங்கள் பட்டியலுக்கு வெளியே அமெரிக்காவில் மட்டும் இன்னும் பல ராஸ்கள் உள்ளன. ஆரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில் ஆற்று நடுவே ஒரு ராஸ் தீவு இருக்கிறது, 1926-இல் திறந்த ராஸ் தீவுப் பாலமும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் அந்தப் பாலம் அந்தத் தீவைத் தொடாமலேயே போகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் ராஸ் அணை, சியாட்டில் நகர மின்துறையின் தலைவராக இருந்தவரின் பெயர். டென்னசியில் சட்டனூகா நகரத்தின் பழைய பெயர் ராஸ் இறங்குதுறை. செரோக்கி மக்களின் தலைவரான ஜான் ராஸ் அங்கே வணிகம் நடத்தினார், அவருடைய மக்கள் 1838-இல் அத்துறை வழியாகவும் விரட்டப்பட்டார்கள். ஆர்க்டிக்கின் ஜான் ராஸ் வேறு, இவர் வேறு. மூன்றாவது ஜான் ராஸ் ஒருவரும் உண்டு. ஃபிலடெல்ஃபியாவில் 1976-இல் திறந்த பெட்சி ராஸ் பாலத்துக்கு, முதல் அமெரிக்கக் கொடியைத் தைத்ததாகச் சொல்லப்படும் பெண்ணின் பெயர் வைக்கப்பட்டது. அவர் பிறப்பால் கிரிஸ்கம். முதல் கணவரான அந்த மூன்றாவது ஜான் ராஸோடு வாழ்ந்தது மூன்றாண்டுக்குள். பின்னர் மறுமணத்தால் ஆஷ்பர்ன் ஆகி, 1783 முதல் 1836-இல் இறக்கும்வரை கிளேபூல் ஆக இருந்தார். கொடிக் கதையை அவருடைய பேரன் ஊருக்குச் சொன்னதே 1870-இல்தான். ஐம்பது ஆண்டுக்கு மேல் வழங்கிய பெயர் மறைந்து, மூன்றாண்டுப் பெயர் பாலத்தில் ஏறிவிட்டது.

குடும்பப்பெயரே அல்லாத ராஸும் ஒன்று உண்டு, அதுதான் பலரைக் கவிழ்ப்பது. கலிபோர்னியாக் கடற்கரையில் உள்ள ராஸ் கோட்டை 1812-இல் ரஷ்ய–அமெரிக்க நிறுவனம் கட்டிய மரக்கோட்டை. அந்தப் பெயர் எந்த ஸ்காட்லாந்துக்காரருடையதும் அன்று. ரஷ்யா என்பதன் பழைய கவிதை வழக்கு. கடல்நீர்நாய்த் தோல் வியாபாரம் படுத்துவிட, 1841-இல் ரஷ்யர்கள் அதை விற்றுவிட்டுப் போனார்கள். அதே ஆண்டில்தான் பூமியின் மறுகோடியில் ஜேம்ஸ் கிளார்க் ராஸ் பனிச்சுவரின் முன் நின்றார். இரண்டுக்கும் ஆண்டு ஒன்று என்பதைத் தவிர வேறு ஒட்டில்லை. இங்கிலாந்தில் வை நதிக்கரையில் உள்ள ராஸ் நகரமும் ஒருவரின் பெயரன்று; மேலே சொன்ன பழைய கெல்டிக் சொல்லின் கிளைதான்.

ஒரு பெயரில் ராஸைக் கண்டால் நான் முதலில் பார்ப்பது, அந்தப் பெயர் எந்த ஆண்டு, யார் கையால் முதன்முதலில் எழுதப்பட்டது என்பதை. உங்கள் ஐந்தில் நான்கை ஆண்டு ஒன்றே பிரித்துவிடும்: ராஸ் கடல் ரொனால்ட் ராஸ் பிறப்பதற்கு முன்பே கண்டறியப்பட்டது, அந்தமானின் ராஸ் தீவு அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தலைமையிடம், ராஸ் நதி அவர் பள்ளிச் சிறுவனாக இருந்தபோது பெயர் பெற்றது, இதய அறுவை அவர் 1932-இல் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்தது. விண்மீன் பட்டியல் வந்தபோது மட்டும் அவர் உயிரோடு இருந்தார். அங்கே யார் கை என்பதைப் பார்க்க வேண்டும்.

இரண்டு ராஸ்கள் உண்மையாகவே ஓரிடத்தில் சேர்ந்திருப்பது எனக்குத் தெரிந்து ஒன்றுதான். நிலவின் அமைதிக் கடலின் வடமேற்கில் ஏறத்தாழ 25 கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு கிண்ணக்குழிக்கு ராஸ் என்று பெயர்; ஜேம்ஸ் கிளார்க் ராஸ், ஃபிராங்க் ராஸ் ஆகிய இருவருக்கும் அது பொதுவாக வழங்கப்பட்டிருக்கிறது. முன்னவர் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துப் பிறந்தவர் பின்னவர்.